நீரின் அடியில் ஒரு கடைவீதி

கடலோரத்தில் பிறவாதவன் தன்னை மீன்பிடிகாரன் என்று சொல்லிக்கொண்டால் கேட்பவர் நகைப்பர். நானோ கடலை விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகளே கண்டவன்; மஸ்கெலியாவில் பிறந்து, அங்கேயே தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழாசிரியனாக இருப்பவன். ஆயினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, ஞாயிறுதோறும் பொழுது புலருமுன் தூண்டிலும் கையுமாக நீர்க்கரைக்கு இறங்கிவிடுவது என் வழக்கம். ஐந்திணைப் பாடம் நடத்தும்போது குறிஞ்சிக்குத் தேனெடுத்தல் என்றும், நெய்தலுக்கு மீன்பிடித்தல் என்றும் கரும்பலகையில் எழுதுவேன். ஒருநாள் பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, “அப்ப நீங்க எந்தத் திணை, சேர்?” என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. “திணை மயக்கம்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊரை அறியாத அன்பர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக வளைந்து வளைந்து வரும் பாதையில் முதலில் காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்தது அது. அதற்கு அப்பால், மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் எழுந்தது மவுஸ்ஸாகலை. இரண்டு ஓயாக்களும் கீழே கூடித்தான் களனி கங்கையாகிக் கொழும்பில் கடலைச் சேர்கின்றன. அவ்வாறு சேருமுன் லக்ஷபான முதலிய நிலையங்களில் சக்கரங்களைச் சுழற்றி நாட்டுக்கு விளக்கேற்றிவிட்டுப் போகின்றன. என் தூண்டில் விழும் நீர் மவுஸ்ஸாகலையின் நீர். தெளிந்த விடியலில் சிவனொளிபாத மலையின் கூம்பு அந்த நீரில் தலைகீழாகத் தெரியும். அதைக் காட்டிலும் முக்கியமானது ஒன்று அந்நீரின் அடியிலே உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிழமை நாட்களில் என் வாழ்வு மணியோசைக்குக் கட்டுப்பட்டது. பிள்ளைகளின் வரவு, ஆசிரியர் வரவு, புள்ளிகள், பரீட்சைப் பெறுபேறு என்று எண்களிலேயே நாள் கழியும். அதுகூடப் பரவாயில்லை. என் தாயார் முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். காலையில் ஒரு நிறுவை, பகலில் ஒரு நிறுவை, மாலையில் ஒரு நிறுவை. கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். நிறை குறைந்தால் அரைப்பேர். அந்தத் தராசின் முன்னால் அம்மா நிற்கும் நிலையைச் சிறு வயதில் எத்தனையோ மாலைகள் பார்த்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, பிடித்த மீனை இதுவரை நான் நிறுத்ததில்லை. “எவ்வளவு இருக்கும்?” என்று கேட்பவர்களுக்குக் கையை விரித்துக் காட்டுவேன். கை சற்று அதிகமாகவே விரியும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தூண்டிற்காரர் எல்லோருக்கும் உள்ள குணம் அது.

தூண்டில் பிடிக்கக் கற்றுத் தந்தவர் என் பெரியப்பா. அவரைப்பற்றிச் சொல்வதற்கு முன் அவருடைய தந்தையாரை, அதாவது என் பாட்டனாரைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் குடும்பம் மஸ்கெலியாவுக்கு வந்ததே ஒரு மீனால்.

தேயிலையைப் போலவே, மலைநாட்டின் புகழ்பெற்ற மீனும் வெளியிலிருந்து வந்ததுதான். 1880களில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் தங்கள் நாட்டு ஓடைகளை நினைத்து ஏங்கி, டிரவுட் என்னும் மீனின் முட்டைகளைக் கப்பலில் தருவித்து, நுவரெலியாவிலே பொரிக்கவைத்து ஓடைகளில் விட்டனர். முதலில் வந்த பழுப்பு டிரவுட் இங்கே சரிவர இனம் பெருக்கவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட் ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்துவிட்டது. குளிர்ச்சியும் ஓட்டமும் மாசின்மையும் குறைந்த நீரில் அது உயிர்வாழாது. நீலகிரியிலும் இதே கதைதான். அங்கே அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்தார்கள். தேயிலை எங்கெங்கு ஏறியதோ, அதன் பின்னே டிரவுட்டும் ஏறிற்று போலும்.

அந்த மீனைப் பிடிக்க அனுமதிச்சீட்டு வேண்டும். பிடிக்கும் முறைக்கும் விதி உண்டு. புழுவைக் கோத்துப் பிடிப்பது இழிவு. இறகையும் நூலையும் முள்ளிற் சுற்றி, ஈயைப் போல் உருச்செய்து, அதனை நீர்மேல் வீசித்தான் பிடிக்க வேண்டும். என் பாட்டனார் அந்நாளில் நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். துரை மீன்பிடிக்கச் செல்லும்போது தடியையும் கூடையையும் சுமந்து உடன்செல்வது அவருடைய வேலை. “இறகப் பாத்து ஏமாறுற மீனும் ஒரு மீனா?” என்று அவர் சிரிப்பாராம். பல ஆண்டுகள் அந்த மீனைச் சுமந்தாரே தவிர, அதன் சுவை அறியார். 1950களின் தொடக்கத்தில் ஒருநாள், துரை இல்லாத வேளையில், குண்டூசியை வளைத்து மண்புழுவைக் கோத்து ஓடையில் விட்டிருக்கிறார். இறகுக்கே ஏமாறும் மீன் புழுவை விடுமா? ஒன்றே ஒன்று. அதை லயத்தில் சுட்டுத் தின்ற மணம் அடங்குமுன் செய்தி பங்களாவை எட்டிவிட்டது. மறுநாள் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியேற்றினார்கள். மீன் எப்படியிருந்தது என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், “முள்ளு அதிகம்” என்பதோடு நிறுத்திக்கொள்வாராம்.

(அந்த மீனின்மேல் எனக்கு இன்றும் பகை இல்லை, ஆயினும் ஒரு செய்தி. ஹோர்ட்டன் சமவெளி ஓடையில், உலகில் வேறெங்கும் இல்லாத சிறு இறால் ஒன்று வாழ்கிறது. டிரவுட் அதையும் உண்கிறது. சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. துரைமார் போய்விட்டார்கள்; அவர்கள் விட்ட மீன் மட்டும் அங்கே மண்ணுக்குரிய உயிரைத் தின்றுகொண்டிருக்கிறது.)

வெளியேற்றப்பட்ட பாட்டனார் மஸ்கெலியாக் கடைவீதிக்கு வந்து, அரிசிக் கடையொன்றில் மூட்டை தூக்கும் நாட்டாமையாகச் சேர்ந்தார். கடையின் பின்னால் ஒற்றை அறை. அவ்வறையிலேதான் பெரியப்பாவும் என் தந்தையாரும் பிறந்தனர். அந்த மஸ்கெலியா இப்போது நீருக்குள் இருக்கிறது. அணை எழுந்தபோது பழைய ஊர் முழுவதும், கடைகள், கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாமாக, நீர்த்தேக்கத்தின் வயிற்றுக்குள் போயிற்று. மேட்டிலே புதிய ஊரை அமைத்தார்கள். பெரியப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீர் ஒரே நாளில் வந்துவிடவில்லையாம். முதலில் ஓயாக்கரைத் தோட்டம், பின் கீழ்வீதி, பின் கடைகளின் வாசற்படி என்று, விருந்தாளி போல மெல்ல மெல்ல வந்ததாம். பிள்ளைகள் தினமும் மேட்டில் நின்று, இன்று யார் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

மழை பொய்த்த ஆண்டுகளில், மாசி பங்குனி வாக்கில் நீர் வெகுவாக இறங்கும்போது கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து எழுந்து நிற்பதை இன்றைக்கும் காணலாம். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மக்கள் வந்து படம் பிடித்துச் செல்கின்றனர். பெரியப்பாவோ குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, கற்பூரமும் தேங்காயும் எடுத்துக்கொண்டு, வெடித்த சேற்றில் கால்வைத்து நடந்து போவார். அரை நூற்றாண்டுக்கு மேல் நீரில் ஊறிய கருங்கல்லுக்கு முன்னால் கற்பூரம் எரிவதைப் பார்க்கும்போது, பக்தி குறைந்த எனக்குங்கூட ஏதோ செய்யும். மழை தொடங்கி நீர் ஏறியதும் பெரியப்பா அதே இடத்துக்குத் தூண்டிலோடு வருவார்.

ஆம், அவருடைய தூண்டில் வித்தையின் இரகசியமே அதுதான். மற்றவர்கள் நீரைப் பார்த்துத் தூண்டில் போடுகிறார்கள். பெரியப்பா ஊரைப் பார்த்துப் போடுகிறார். கரையில் நின்று எதிர்மலையிலுள்ள தேயிலை ஸ்டோரின் புகைபோக்கியை ஒரு கண்ணாலும், இடப்புறத்து வாகை மரத்தை மறு கண்ணாலும் நேர்பிடித்து, “இதுக்கு நேர்கீழ கீழ்வீதி. ரோட்டுல மீன் நிக்காது, தம்பி, கல்லு. ரெண்டு பாகம் உள்ளுக்குப் போடு, மரக்கறித் தோட்டம், மண்ணு எளக்கமா கெடக்கும்” என்பார். அவர் சொன்ன இடத்தில் போட்டால் கெண்டை கொத்தும். நெடுங்காலம் இதை நான் குருட்டு நம்பிக்கை என்றே எண்ணினேன். வறட்சி வந்து நீர் இறங்கிய ஓர் ஆண்டில் நானே இறங்கி நடந்து பார்த்தேன். ரோடு ரோடாகவே கிடந்தது. தோட்டம் இருந்த இடத்தில் கால் முழங்காலளவு புதைந்தது.

முள் எங்காவது சிக்கிக்கொண்டால் நமக்கெல்லாம் எரிச்சல் வரும். பெரியப்பாவுக்கு வராது. நரம்பை மெல்ல இழுத்துப் பார்த்து, திசையைக் கணித்து, “தையக்கடைக்காரர் வீட்டு நெலையாட்டம் இருக்கு” என்பார். பிறகு அந்தத் தையற்காரரின் பிள்ளைகள் எத்தனை பேர், யார் கண்டிக்குப் போனார்கள், யார் கப்பலேறினார்கள் என்று கதை விரியும். அறுந்த முட்களைக் கணக்கிட்டால், அந்த வீதியில் நான் வரி கட்டாத வீடு இல்லை.

ஓரிடத்தில் மட்டும் அவர் தூண்டில் போடமாட்டார், என்னையும் போடவிடமாட்டார். “அது கோயிலுக்கு நேர்மேல.” மீன் அங்கேதான் மிகுதியாகத் துள்ளும் என்பதை இருவரும் அறிவோம்.

கப்பலேறியவர்களில் எங்கள் மூத்த பெரியப்பாவும் ஒருவர். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974இல் எழுதப்பட்டது. அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பிமார் மற்றொன்றிலும் சேர்ந்தனர். அது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. மலையகத்தில் லயத்துக்கு லயம் நிகழ்ந்ததுதான். தலைமன்னாரில் கப்பலேறிய மூத்தவர் இப்போது கோத்தகிரிப் பக்கத்தில் இருக்கிறார்; அங்கும் தேயிலைதான். முன்பெல்லாம் வான்கடிதம் வரும். இப்போது கைத்தொலைபேசி. அவர் தவறாமல் கேட்பது ஒரே கேள்வி: “தண்ணி எறங்குச்சா? கோயில் தெரியுதா?”

இனி மீன்களைப்பற்றி. எங்கள் நீர்த்தேக்கத்தில் பெரும்பாலும் அகப்படுபவை கெண்டையும் திலாப்பியாவுமே. இரண்டும் வந்தேறிகள். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா 1950களின் தொடக்கத்தில் இந்நாட்டுக்கு வந்து, குளங்களிலெல்லாம் ஏழையின் மீன் ஆயிற்று. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான உதவிகளை நிறுத்தி, 1994இல் மீண்டும் கைகொடுத்தது. 1999 முதல் நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை குஞ்சுகளை விட்டுவருகிறது. பெண் திலாப்பியா முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். குஞ்சுகள் வளர்ந்து விலகும்வரை அது இரையெடுப்பது மிக அரிது. ஆகவே எப்படிப்பட்ட புழுவைக் காட்டினாலும் அந்தத் தாய் வாய் திறவாது. இதைப் பாடசாலையில் சொன்னால் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

திலாப்பியா கொத்தினால் மிதப்பு நடுங்கும், பின்பு சட்டென ஆழும். கெண்டை அப்படியன்று. அடிமண்ணைக் கிளறி, இரையைச் சப்பிப் பார்த்து, துப்பி, மறுபடி எடுக்கும். சில வேளைகளில் மிதப்பு ஆழ்வதற்குப் பதிலாக எழுந்து படுத்துவிடும். இரையோடு ஈயக்குண்டையும் அது தூக்கிவிட்டது என்பதற்கு அறிகுறி. அவசரப்பட்டு இழுத்தவன் வெறும் முள்ளைக் காண்பான். மிதப்பு என்று நான் பெருமையாகச் சொல்வது, தேய்ந்த இறப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு. இரை, மண்புழு அல்லது கோதுமை மாவுருண்டை. நல்ல மழை பெய்த மறுநாள் தேயிலை மலைகளின் கான்கள் செம்மண் நீரைக் கொண்டுவந்து கொட்டும் வாய்களில் மீன் திரளும். மலையின் மேல்மண் கரைந்து வருகிறதே என்ற கவலையும், இன்று மீன் கிடைக்கும் என்ற மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் தோன்றும் வேளை அது. வள்ளுவர் சூதாடுகிறவனின் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். மீனைச் சொன்னவர் தடியைப் பிடித்திருப்பவனைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு புழு என்று நண்பகல் வரை இருந்துவிடும் எங்களையும் அவ்வதிகாரத்தில் சேர்த்திருக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். என் மனைவி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவர். ஆறு நாளும் பிறர் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்தவருக்கு ஞாயிறென்றால் துணி துவைத்தல், விறகு சேர்த்தல், வாரத்துக்கு மாவரைத்தல். மலையகத்தில் ஆடவருக்கு ஞாயிறு உண்டு; பெண்டிர்க்கு அது ஏழாவது வேலைநாள். மணமான புதிதில் அவர் ஒன்றும் சொன்னதில்லை. பின்னொரு நாள், “மீன் கொண்டாறது சரிங்க, கழுவுறது யாரு?” என்றார். அன்றிலிருந்து செதிலெடுப்பதும் குடல் நீக்குவதும், கழுவிய இடத்தைச் சாம்பல்போட்டுத் துடைப்பதும் என் வேலை. கறியில் புளி விடுவதா கொறக்காய் போடுவதா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீர்ப்பாகவில்லை.

மீன் வெறும் பொழுதுபோக்காக இல்லாத காலமும் இருந்தது. தோட்டத்தில் நாட்கூலி ஆயிரம் ரூபாவை எட்டியது 2021இல்தான். அடுத்த ஆண்டே நாடு நொடித்தது. 2022இன் பிற்பகுதியில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ இரட்டித்திருந்தது. கருவாடு வாங்கியவர்கள் நெத்தலிக்கு இறங்கினார்கள். நெத்தலி வாங்கியவர்கள் வெறும் சம்பலுக்கு இறங்கினார்கள். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்நாட்களில் நீர்க்கரையில் ஞாயிறென்றும் திங்களென்றும் வேறுபாடு இல்லை. தூண்டில் பிடித்தறியாதவர்கள்கூட மூங்கிற்கழியோடு வந்து நின்றார்கள். பெரியப்பா தம் கெண்டை இடங்களை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அப்போது எல்லோருக்கும் சொன்னார். “அந்தா, அரிசிக் கடைக்கு நேரா போடுங்க” என்று அவர் கைகாட்ட, கடையும் அறியாத, வீதியும் அறியாத இளைஞர்கள் அந்தப் பெயரையே மீனுக்குரிய இடமாகக் கற்றுக்கொண்டார்கள். நான் பிடித்ததில் பாதி, பாடசாலை வழியாக இரண்டு மூன்று வீடுகளுக்குப் போயிற்று. மனைவிதான் பங்கு வைத்தார். அப்போதும் நாங்கள் நிறுக்கவில்லை.

இப்போது பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை. புகைபோக்கி தெரிகிறது, வாகை தெரியவில்லை என்கிறார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். சென்ற தை மாதத்திலிருந்து என் மகளும் எங்களோடு வருகிறாள். பன்னிரண்டு வயது. “பொம்பளப் புள்ளைக்குத் தூண்டில் எதுக்கு?” என்று லயத்தில் இரண்டொருவர் கேட்டார்கள். “ஒங்க வீட்டுக்கு மீன் வேணாமா?” என்று அவளே திருப்பிக் கேட்டதில் அப்பேச்சு நின்றது. அவளுக்கு மீனைவிட நேர்பிடிப்பதில்தான் விருப்பம். பழைய கொப்பியொன்றில் கோடுகள் இழுத்து வைத்திருக்கிறாள்: புகைபோக்கி, வாகை, புதுக் கோயில் கோபுரம், அணையின் முனை. கோடுகள் வெட்டும் இடங்களில் பெரியப்பா சொல்லச் சொல்லப் பெயர் எழுதுகிறாள். அரிசிக் கடை. தையக்கடை. பீலி. பள்ளிவாசல். தாத்தா பொறந்த ரூம்.

போன ஞாயிறு அவள் தனியாக ஒரு கெண்டையைக் கரைக்கு இழுத்தாள். பெரியப்பா அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “எங்க போட்டே, புள்ள?” என்றார். கொப்பியைப் புரட்டி, “மூணாவது கடைக்குப் பின்னுக்கு, தாத்தா” என்றாள். சற்று நேரம் பேசாதிருந்தார். “அங்க ஒரு கொய்யா மரம் நின்னுச்சு” என்றார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். மாலையில் கோத்தகிரியோடு பேசும்போது அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினோம். மூத்த பெரியப்பாவின் குரல் மறுமுனையில் வெகுநேரம் கழித்தே வந்தது: “கொய்யா ரெண்டு மரம். ஒண்ணுதான் எழுதியிருக்கு.” மகள் பென்சிலைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.